"சரிபார்க்கப்பட்ட பதிவு" முத்திரை போட்ட ஒரு பந்தய டிப்ஸ் சேவை: 92 நாள் கணக்கு

என் தம்பி ஒரு விளையாட்டுப் பந்தய டிப்ஸ் சேவைக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தான். வருடச் சந்தாவாக மாற்றினால் தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்ததும் என்னிடம் வந்தான். "அக்கா, நீ கணக்குப் பாக்குற ஆள். இவங்க ரெக்கார்டு உண்மையான்னு மட்டும் பார்த்துச் சொல்லு, போதும்" என்றான்.

நான் 19 வருடமாகத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். பந்தயம் கட்டியதில்லை, கட்டப் போவதும் இல்லை. ஆனால் ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் காட்டும் எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் என் தொழில். அதனால் ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நான் பார்த்து முடிக்கும்வரை பணம் கட்டக் கூடாது, எல்லாம் தாளில் மட்டும். இரண்டு முறை மீறினான். அதையும் அவனே வந்து சொல்லிவிட்டான்.

சேவையின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி முகப்பும் இதே மாதிரி முத்திரையும் வைத்திருப்பவர்கள் ஏராளம். நான் பார்த்த இடங்களை எந்தச் சேவையிலும் பார்க்கலாம்.

அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து இரண்டுக்கும் டிப்ஸ் தருகிறார்கள். ஹேண்டிகேப்பர்கள் (எந்தப் பக்கம் கட்டலாம் என்று கணித்துச் சொல்பவர்கள்) என்று ஆறு பேர், படத்தோடு. முகப்பில் பெரிய எழுத்தில் போன சீசன் கணக்கு: 412 டிப்ஸ், 231 வெற்றி, 56 சதவீதம். பக்கத்தில், டிப்ஸ் பதிவுகளைச் சரிபார்க்கும் ஒரு கண்காணிப்பு நிறுவனத்தின் முத்திரை.

56 சதவீதம் என்பது கேட்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். உண்மையில் அது மிகப் பெரிய எண். இது புள்ளி வித்தியாசப் பந்தயம்: பலமான அணி, சொன்ன புள்ளியைவிட அதிக வித்தியாசத்தில் வெல்லுமா என்பதுதான் கேள்வி. இந்த வகைப் பந்தயத்தில் வழக்கமான ஆட்ஸ் (1 கட்டி வென்றால் முதலோடு சேர்த்துக் கையில் வருவது) 1.91. அதாவது 110 கட்டினால்தான் 100 லாபம். அந்த விலையில் முதலுக்கு மோசம் வராமல் இருக்கவே 100க்கு 52.38 வெல்ல வேண்டும். 231 வெற்றி, 181 தோல்வி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு யூனிட் (ஒரே அளவான பந்தயத் தொகை) வீதம் கட்டியவருக்கு 29 யூனிட் லாபம், போட்ட பணத்தில் 7 சதவீதம். வருடக்கணக்கில் அப்படி ஒருவர் செய்தால் அவர் இந்தத் தொழிலின் உச்சியில் இருப்பவர்.

வேறு சில சேவைகள் 80 சதவீதம் என்றுகூடப் போடுகின்றன. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1.20 ஆட்ஸ் உள்ள பலமான அணிகளை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் 80 சதவீதம் எளிதில் வரும். ஆனால் அந்த ஆட்ஸில் நஷ்டம் இல்லாமல் இருக்கவே 83.3 சதவீதம் வேண்டும். ஆட்ஸ் பக்கத்தில் இல்லாத சதவீதத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். என் பெயரில் தனியாக ஒரு சந்தா எடுத்தேன், புதிய மின்னஞ்சல் முகவரியில். தம்பிக்கு வருவதும் எனக்கு வருவதும் ஒன்றுதானா என்று பார்க்க அது வேண்டும். பழைய ஏமாற்று ஒன்று இருக்கிறது. 1,024 பேரில் பாதிப் பேருக்கு இந்த அணி வெல்லும் என்றும், மறு பாதிக்கு அந்த அணி வெல்லும் என்றும் அனுப்புவார்கள். தப்பாகப் போனவர்களை விட்டுவிட்டு மீதிப் பேரை மறுபடி பாதியாகப் பிரிப்பார்கள். ஆறு வாரத்தில் 16 பேர் மிஞ்சுவார்கள். அந்த 16 பேரும் ஆறுக்கு ஆறு சரியாக வந்ததைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடம் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இந்தச் சேவை அதைச் செய்யவில்லை. 92 நாளில் வந்த 168 டிப்ஸும் இரண்டு பேருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வந்தன. அதற்காக இவர்களுக்கு என் முழு மதிப்பெண்.

நேரமும் சரியாகவே இருந்தது. ஒரு டிப்ஸ்கூட ஆட்டம் தொடங்கிய பிறகு வரவில்லை. மின்னஞ்சல் வந்த நேரம், ஆட்டம் தொடங்கிய நேரம், சொன்ன புள்ளி, சொன்ன ஆட்ஸ், நான் பார்த்தபோது கிடைத்த ஆட்ஸ், ஆட்டம் தொடங்கும் முன் கடைசி ஆட்ஸ், முடிவு என்று ஒரு தாள் போட்டேன். மின்னஞ்சலை ஆதாரமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. என் பெட்டிக்கு வந்துவிட்ட கடிதத்தை அவர்களால் திருத்த முடியாது. இணையப் பக்கத்தையும் டெலிகிராம் சேனலையும் அவர்களால் எப்போது வேண்டுமானாலும் மாற்ற முடியும்.

அவர்கள் "5 நட்சத்திர டிப்ஸ்" என்று சிலவற்றைத் தூக்கிக் காட்டுவார்கள், ஐந்து மடங்கு கட்டச் சொல்வார்கள். நான் நட்சத்திரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாமே ஒரு யூனிட். மடங்கு மாற்றிக்கொண்டே போனால் ஒன்றிரண்டு அதிர்ஷ்டமான ஆட்டம் ஒரு சீசனின் எண்ணையே தூக்கி நிறுத்திவிடும். 5 நட்சத்திரம் மொத்தம் 22 வந்தன. 11 வென்றன, 11 தோற்றன.

இனி முடிவு. 168இல் 5 ஆட்டம் சொன்ன புள்ளியிலேயே சரியாக முடிந்து பணம் திரும்பிவிட்டது. மிச்சம் 163. அதில் வெற்றி 85, தோல்வி 78. சதவீதம் 52.15.

92ஆம் நாள் அவர்களுடைய பக்கத்தைத் திறந்தேன். அதே மூன்று மாதத்துக்கு 82 வெற்றி, 67 தோல்வி என்று இருந்தது. 55 சதவீதம். முதலில் என் தாளில்தான் தப்பு என்று நினைத்தேன். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். அவர்கள் காட்டிய 149 ஆட்டத்திலும் ஒரு பொய் இல்லை. தோற்றதை வென்றதாக எங்குமே எழுதவில்லை. அப்படியானால் மீதி 14 எங்கே?

ஆறு ஹேண்டிகேப்பர்களில் ஒருவர் காணாமல் போயிருந்தார். படம் இல்லை, பக்கம் இல்லை. அவர் சொன்னது 14. அதில் வெற்றி 3, தோல்வி 11. ஆளை எடுத்தபோது அவருடைய தோல்விகளும் கூடவே போய்விட்டன.

டெலிகிராமிலும் இது தெரிந்தது. சேனலில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. செய்தியின் இணைப்பை நகலெடுத்தால் அதன் கடைசியில் அந்த எண் இருக்கும். செய்தியை அழித்தால் அதன் எண்ணை வேறு செய்திக்குக் கொடுப்பதில்லை, அந்த இடம் காலியாகவே நிற்கும். கணினியில் டெலிகிராமைத் திறந்து சேனல் வரலாற்றை ஏற்றுமதி செய்து எண்களைப் பார்த்தேன். அவருடைய 14 டிப்ஸும் இருந்த எண்கள் எல்லாம் ஓட்டை. எண் விடுபட்டாலே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துப்பிழைக்காக அழித்துவிட்டு மறுபடி போடுவதும் உண்டு. என்னிடம் மின்னஞ்சல் இருந்ததால்தான் எந்த ஓட்டையில் எது இருந்தது என்று சொல்ல முடிந்தது.

இதைப் பார்த்த பிறகு போன சீசனின் 412மீது சந்தேகம் வந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அவர்களுடைய பழைய முகப்பைத் தேடினேன். போன சீசன் நடுவில் 9 படங்கள் இருந்தன. நான் சேர்ந்தபோது 6. மற்ற மூன்று பேரின் கணக்கு அந்தச் சேமிப்பில் இல்லை, அதனால் அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 231 வெற்றியை எப்படிப் படிப்பது என்பது இதில் மாறிவிடுகிறது. நாணயம் சுண்டிப் பார்ப்பவர்களாக வைத்துக்கொண்டால், 412 முறை சுண்டி 231 அல்லது அதற்கு மேல் விழுவது சுமார் 125 பேரில் ஒருவருக்கு நடக்கும். முதல் நாளிலிருந்து இருந்த எல்லாரையும் கூட்டி அது வந்திருந்தால் நான் எழுந்து உட்கார்ந்து கவனிப்பேன். போனவர்களை நீக்கிவிட்டு இருப்பவர்களை மட்டும் கூட்டினால் எண் பெரும்பாலும் மேலேதான் போகும். வழக்கமாக மோசமாகச் செய்தவர்தானே போகிறார்.

என் 163 ஆட்டத்தை வைத்துக்கொண்டு இவர்களுக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 163 முறை நாணயம் சுண்டினால் 81 அல்லது 82 வருவது சராசரி. அதிலிருந்து ஆறேழு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். 85 அதற்குள்ளேயே நிற்கிறது. 100க்கு 55 அல்லது அதற்கு மேல் வெல்வது வெறும் நாணயத்துக்கே ஐந்தாறு தடவையில் ஒரு தடவை நடக்கும். அதே 55 சதவீதம் 1,000 ஆட்டத்தில் வந்தால் கதை வேறு. நாணயத்துக்கு அது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நடக்காது. மூன்று மாதப் பதிவைக் காட்டி எவராவது திறமை என்றால், எத்தனை ஆட்டம் என்று கேளுங்கள்.

அதனால்தான் என் தாளில் எனக்கு மிக முக்கியமான பத்தி வெற்றி தோல்வி இல்லை. ஆட்ஸ் பத்தி.

அவர்கள் எழுதும் ஆட்ஸும் எனக்குக் கிடைத்த ஆட்ஸும் ஒன்றாக இருந்ததே அபூர்வம். மின்னஞ்சல் வந்து 5 நிமிடத்தில் நான் பார்த்துவிடுவேன். பந்தய நிறுவனங்களில் தம்பிக்கு உள்ள இரண்டு கணக்குகளில் எது நல்ல விலையோ அதைக் குறித்துக்கொண்டு திரையைப் படம் எடுத்து வைப்பேன். வேலைக்குப் போகிற ஒரு மனிதனுக்கு 5 நிமிடம் என்பது மிக வேகம். அப்படியிருந்தும், வென்ற 85 ஆட்டத்தில் அவர்கள் எழுதியிருந்த ஆட்ஸின் சராசரி 1.97. எனக்குக் கிடைத்தது 1.88.

சில நாள் புள்ளியே நகர்ந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் 3 புள்ளி வித்தியாசத்தில் முடிவதுதான் மிக அதிகம், ஏனென்றால் ஒரு ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. அவர்கள் "மைனஸ் 3" (அந்த அணி 3 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும்) என்று சொல்லியிருப்பார்கள், நான் பார்க்கும்போது அது மைனஸ் 3.5 ஆகியிருக்கும். அந்த அரைப் புள்ளிதான் பணம் திரும்பி வருவதற்கும் தோற்பதற்கும் நடுவில் இருக்கிறது. பழைய எண்ணையே வாங்க வேண்டுமானால் குறைந்த ஆட்ஸில் வாங்க வேண்டும். ஒப்பிடுவதற்காக எல்லா இடத்திலும் அவர்கள் சொன்ன புள்ளியையே எடுத்துக்கொண்டேன், அதற்கு என்ன விலையோ அதை எழுதினேன்.

இப்போது இந்த மூன்று மாதத்தையே நான்கு விதமாகப் பாருங்கள். அவர்கள் பக்கத்தில் உள்ள 149 ஆட்டம், அவர்கள் ஆட்ஸ்: 12.5 யூனிட் லாபம். காணாமல் போனவரையும் சேர்த்து 163, அவர்கள் ஆட்ஸ்: 4.5 யூனிட் லாபம். அதே 163, எனக்குக் கிடைத்த ஆட்ஸ்: 3.2 யூனிட் நஷ்டம். மூன்று மாதச் சந்தா தம்பியின் அளவில் 3 யூனிட். அதையும் கழித்தால் 6.2 யூனிட் நஷ்டம். ஒரே டிப்ஸ், ஒரே முடிவுகள். எங்கும் யாரும் ஒரு தோல்வியை வெற்றி என்று எழுதவில்லை.

கடைசி ஆட்ஸையும் குறித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நிற்கும் விலையில் காயம், வானிலை, பெரிய பணம் கட்டுபவர்களின் கருத்து எல்லாம் ஏறியிருக்கும். அதைவிட நல்ல விலையைத் தொடர்ந்து வாங்குகிறவர் வெறும் அதிர்ஷ்டக்காரராக இருக்க வாய்ப்புக் குறைவு. வெற்றி தோல்வியை எண்ணித் திறமையைக் காண நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்டம் வேண்டும். இதில் அதைவிடச் சீக்கிரம் ஒரு சாயல் தெரிந்துவிடும். பலரும் இதற்குப் பினக்கிள் என்ற பந்தய நிறுவனத்தின் கடைசி ஆட்ஸை அளவுகோலாக எடுப்பார்கள், அங்கே அவர்கள் எடுக்கும் கமிஷன் குறைவு என்பதால். நானும் அதையே எடுத்தேன். அவர்கள் எழுதிய 1.97 கடைசி விலையைவிட நன்றாகவே மேலே இருந்தது. பார்த்தால் மிகத் திறமைசாலிகள் போலத் தெரியும். எனக்குக் கிடைத்த 1.88க்கும் கடைசி விலைக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். இந்த ஹேண்டிகேப்பர்களில் ஓரிருவருக்கு உண்மையிலேயே கண் இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த லாபம் என் பெட்டிக்குக் கடிதம் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. சந்தாதாரருக்கு அது கிடைப்பதில்லை.

இரண்டு பேருக்கு எழுதிக் கேட்டேன். சேவை நிறுவனம் இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் போட்டது. அந்த ஹேண்டிகேப்பர் விலகிவிட்டார், இப்போது எங்களோடு இல்லாதவரின் கணக்கை வைப்பதில்லை என்றார்கள். ஆட்ஸ் பற்றி, "வெளியிடும் நொடியில் சந்தையில் இருந்த மிகச் சிறந்த விலை" என்றார்கள். அடுத்த ஒரு வாரம் மின்னஞ்சல் வந்த நொடியே பல பந்தய நிறுவனங்களின் தளங்களையும் திறந்து பார்த்தேன். அது பொய்யில்லை. அந்த விலை ஏதாவது ஒரு சின்ன இடத்தில், சிறு தொகைக்கு இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். எல்லாச் சந்தாதாரருக்கும் ஒரே நேரத்தில் கடிதம் போகிறது. அத்தனை பேரும் ஒரே கதவை நோக்கி ஓடினால் எத்தனை பேர் உள்ளே போக முடியும்?

முத்திரை கொடுத்த கண்காணிப்பு நிறுவனத்தின் பதில் இன்னும் தெளிவாக இருந்தது, அதற்காக அவர்களுக்கு நன்றி. டிப்ஸ் ஆட்டத்துக்கு முன் வந்ததா, முடிவு சரியாக எழுதப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கிறார்கள். ஆட்ஸை ஹேண்டிகேப்பரே பதிவு செய்கிறார். யாருடைய கணக்கைக் காட்டுவது, யாருடையதை எடுப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை. வாடிக்கையாளர் என்றால் டிப்ஸ் விற்பவர். என் வேலையில் ஒரு தணிக்கை அறிக்கை கையில் வந்தால் முதலில் நான் தேடுவது எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்ற பத்தியைத்தான். இந்த முத்திரைக்கும் அப்படி ஒரு பத்தி இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். முகப்பில் வெறும் "சரிபார்க்கப்பட்டது" மட்டும்தான்.

சில ஹேண்டிகேப்பர்கள் இப்போது டிப்ஸை ஷா-256 ஹாஷாக (உள்ளே இருப்பதைக் காட்டாத, ஆனால் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும் குறியீடாக) மாற்றி முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்டம் முடிந்ததும் திறந்து காட்டுகிறார்கள். பின்னால் திருத்த முடியாது என்பது உண்மை. ஆனால் பத்து ஹாஷ் போட்டுவிட்டு வென்ற ஆறை மட்டும் திறந்தால்? போட்டது அத்தனையையும் எண்ணிப் பார்த்து, திறக்காதது எல்லாம் தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயக் கணக்கோடு நேராக இணைத்துக் கட்டியதையே காட்டும் பிக்கிட் போன்ற செயலிகளும் இருக்கின்றன. அங்கேகூட அவர் வாங்கிய விலைதான் தெரியும். நமக்குக் கிடைக்கும் விலையை நாம்தான் எழுத வேண்டும்.

எனக்கு உண்மையில் மனம் வலித்தது வேறு இடத்தில். தம்பி எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டுக்கொண்டிருந்தான். 1956இல் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த கெல்லி எழுதிய சூத்திரம். வெல்லும் வாய்ப்பையும் ஆட்ஸையும் கொடுத்தால் கையிருப்பில் எத்தனை சதவீதம் கட்டலாம் என்று சொல்லும். சூத்திரத்தில் தவறில்லை. முகப்பில் இருந்த 56 சதவீதத்தையும் 1.91ஐயும் அவன் அதில் போட்டான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 7.6 சதவீதம் என்று வந்தது. ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று அதில் பாதி, ஏறக்குறைய 4 சதவீதம், கட்டிக்கொண்டிருந்தான். என் தாளில் உள்ள 52.15ஐயும் 1.88ஐயும் போட்டால் அதே சூத்திரம் கழித்தல் குறியில் விடை தருகிறது. ஒன்றுமே கட்டாதே என்று அர்த்தம். அவன் பொறுப்பில்லாதவன் இல்லை, கணக்குப் போட்டுத்தான் கட்டினான். அவன் போட்ட முதல் எண் அவனுடையது இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "இத முன்னாடியே உங்கிட்ட காட்டியிருக்கணும்க்கா" என்றான்.

என் மதிப்பீடு: நேரம் தவறாமைக்கும், எல்லாருக்கும் ஒரே டிப்ஸ் அனுப்புவதற்கும், கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் நல்ல மதிப்பெண். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் எழுதும் குறிப்புகளும் படிக்கத் தகுந்தவை. பதிவு என்று பார்த்தால் ஐந்துக்கு ஒன்று. விலகியவர்களின் கணக்கை அப்படியே வைத்து, டிப்ஸ் போய் 5 நிமிடத்துக்குப் பின் உள்ள ஆட்ஸையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் நான் மறுபடி மூன்று மாதம் உட்கார்ந்து பார்க்கத் தயார். அதை அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

தம்பி வருடச் சந்தா எடுக்கவில்லை. மாதச் சந்தாவையும் நிறுத்திவிட்டான். வேறு ஒரு ஹேண்டிகேப்பரின் இலவச டிப்ஸை அதே தாளில் இப்போது அவனே எழுதிக்கொண்டு வருகிறான், பணம் கட்டாமல். நேற்று 41ஆவது வரி. ஆட்ஸ் பத்தியை முதலில் நிரப்புகிறான்.